புத்தகம் எழுதினால் வெளியே போ!



புத்தகக் காட்சி நெருங்கினால் போதும், ‘விளையாட்டு பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள்’ என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். நாமும் சளைக்காமல் கிரிக்கெட் புத்தகங்களையே சொல்லி வந்திருக்கிறோம். இந்த முறை ரக்பி பக்கம் போய்வரலாம் என்று ஆசை. ‘ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லையே’ என்பீர்கள். நான் சொல்லப்போகும் புத்தகங்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

முதலில் ஒரு வேடிக்கை. புத்தகம் எழுதிய குற்றத்துக்காக ஆட்டக்காரர்களைத் தள்ளிவைத்த விளையாட்டு இது. வேல்ஸ் நாட்டில் காரெத் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். 1967 முதல் 1978 வரை இடையில் ஒன்றுகூட விடாமல் நாட்டுக்காக 53 ஆட்டங்கள் ஆடியவர். ஓய்வு பெற்ற கையோடு சுயசரிதை வெளியிட்டார். அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ‘காசுக்கு ஆடுகிறவர்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

இங்கிலாந்து அணித்தலைவர் பில் பியூமான்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். தலையில் பட்ட அடிகளைப் பார்த்து டாக்டர்கள் எச்சரிக்க, 1982-இல் ஆட்டத்தை விட்டார். பிறகு எழுதிய புத்தகத்தின் பெயர் ‘தேங்க்ஸ் டு ரக்பி’. நன்றி சொல்லித்தான் தலைப்பே வைத்தார். ஆனால் அதற்கான பணத்தைத் தானே வைத்துக்கொண்டதால் அவரையும் வெளியே நிறுத்தினார்கள். அதே மனிதர் 2016-இல் உலக ரக்பி அமைப்பின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது தனிக் கதை.

ரக்பியால் காசு பார்க்கவே கூடாது என்ற இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய வர்க்கச் சண்டை இருக்கிறது. வட இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள், ஆட்டத்துக்காக இழக்கும் கூலியையாவது ஈடுகட்டுங்கள் என்று கேட்டார்கள். லண்டன் கனவான்கள் மறுத்துவிட்டார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்தியர் பிரிந்தார்கள். அவர்கள் வளர்த்ததுதான் இன்றைய ரக்பி லீக். மற்றவர்களின் ரக்பி யூனியன், சரியாக நூறு வருடம் கழித்து 1995 ஆகஸ்டில்தான் ‘இனி சம்பளம் வாங்கலாம்’ என்று கதவைத் திறந்தது.

அதற்கு முந்தைய சுயசரிதைகளில் விருந்து, பயணம், நண்பர்களின் குறும்பு இவைதான் அதிகம். படிக்கலாம், மனதில் நிற்காது. 1995-க்குப் பிறகு சம்பளம் வந்தது, உடம்புகள் பெருத்தன, மோதல் பலமானது, புத்தகங்களும் மெல்ல வாய் திறந்தன. ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: எழுதியவருக்கு இந்தப் புத்தகத்தால் இழக்க ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் கோப்பைப் பட்டியல்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. கையால் பின்பக்கம்தான் கொடுக்கலாம். முன்னே போக ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். ஓடுகிறவரைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். சடுகுடு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது. ‘ஸ்க்ரம்’ என்பது எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தோளும் கழுத்தும் கோத்து முட்டித் தள்ளுவது. இன்றைய சர்வதேச அணியின் எட்டுப் பேர் எடை மட்டும் 900 கிலோவை ஒட்டி வரும். கீழே வரும் கதைகளில் பாதி அந்தக் கழுத்துகளைப் பற்றியது என்பதால்தான் இந்தக் கணக்கு.

தொடக்கத்துக்கு ஜான் கார்லின் எழுதிய ‘பிளேயிங் தி எனிமி’. 2008-இல் வந்தது. ‘இன்விக்டஸ்’ படம் இதிலிருந்து எடுத்ததுதான். படம் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படிக்க வேண்டும், ஏனென்றால் புத்தகத்தின் உயிர் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. நிறவெறிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவில் ரக்பி வெள்ளையர்களின் மதம் மாதிரி இருந்தது. கறுப்பின மக்கள் எதிரணிக்குத்தான் கைதட்டினார்கள். மண்டேலா சிறையில் இருந்தபோது மதியச் சாப்பாட்டில் இரவுக்கென்று அவர் எடுத்துவைத்தது ஆறிப்போய்விடும். சூடாக்க ஒரு மின்சார அடுப்பு வேண்டும். அதைக் கொடுக்க வேண்டிய மேஜர் ஒரு ரக்பிப் பைத்தியம். மண்டேலா உட்கார்ந்து ரக்பி படித்தார். யார் நன்றாக ஆடுகிறார், யாரைச் சேர்க்கலாம் என்றெல்லாம் தெரிந்துகொண்டு, மேஜர் வந்தபோது அவருடைய ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பேச்சை எடுத்தார். அடுப்பு வந்து சேர்ந்தது. 1995 ஜூன் 24 அன்று எல்லிஸ் பார்க் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குத் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் பினாரின் 6-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டேலா இறங்கினாரே, அந்தக் காரியத்துக்கு ஒத்திகை இந்த அடுப்பு விவகாரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

நியூசிலாந்தை 15-12 என்று வென்ற அந்த நாளோடு கார்லின் முடித்துக்கொள்கிறார். நீங்கள் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த அணியில் வெள்ளையர் அல்லாத ஒரே ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ். நாடெங்கும் சுவரொட்டிகளில் சிரித்தது அவர் முகம்தான். காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நான்கு ‘டிரை’ (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) போட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 2002-இல், பத்திரிகையாளர் மார்க் கியோஹேன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. தன் சக ஆட்டக்காரர்கள் சிலரே தன்னை நிறத்தைச் சொல்லித் திட்டியதை, அணிக்குள் தனித்து நின்றதை அதில் போட்டு உடைத்தார். பெரிய சலசலப்பு. ஊரே கொண்டாடிய கதையில் ஓட்டை போட்டால் யாருக்குப் பிடிக்கும்? இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் 1995 முழுதாகப் புரியும். ஒன்று பொய், மற்றது மெய் என்று நான் நினைக்கவில்லை; இரண்டும் ஒரே மைதானத்தில் நடந்தவை.

மூன்றாவதாக, சியா கொலிசியின் ‘ரைஸ்’. நிறவெறிச் சட்டங்களுக்கு அடித்தளமாக இருந்த மக்கள் பதிவுச் சட்டம் நாடாளுமன்றத்தில் ரத்தானது 1991 ஜூன் 17. கொலிசி பிறந்தது அதற்கு முதல் நாள். ஸ்விடே என்கிற சேரிக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தார். பசி வந்தால் சர்க்கரைத் தண்ணீர். பொம்மைக் கார் கிடையாது; ஒரு செங்கல்லைத் தரையில் உருட்டி விளையாடினார். ஒரு முக்கியமான தேர்வு ஆட்டத்துக்குப் போக அரைக்கால் சட்டை இல்லாமல் உள்ளாடையோடு ஆடினார். உதவித்தொகையோடு பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. ஆங்கிலம் தெரியாமல் போய் நின்றார். பின்னாளில் நாட்டின் முதல் கறுப்பின டெஸ்ட் அணித்தலைவர். 2019-இல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12, 2023-இல் பாரிஸில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று இரண்டு உலகக் கோப்பைகளைத் தூக்கினார். அவர் முதுகிலும் 6-ஆம் எண்.

இவ்வளவும் செய்தித்தாளிலேயே கிடைக்கும். புத்தகத்தில் கூடுதலாக இருப்பது, தன் குடியையும் தன் திருமணத்துக்குத் தான் செய்த கேட்டையும் மறைக்காமல் சொல்வது. பெண்கள் மீதான வன்முறையைச் சிறுவயதில் வீட்டிலேயே பார்த்தவர், ஆண்களைப் பார்த்து நேராகப் பேசுகிறார். புகழின் உச்சியில் இருக்கும்போது, முப்பது வயதில், இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

அடுத்து சொல்லப்போவதை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். 2003 நவம்பர் 22, சிட்னி. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 17-17. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டதால் ‘லைன் அவுட்’. இரு அணியும் வரிசை கட்டி நிற்க, ‘ஹூக்கர்’ (ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நடுவில் நிற்பவர்) ஸ்டீவ் தாம்ப்சன் பந்தை எறிய வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு எறிந்தால் பத்திரம். அவர் வரிசையின் கடைசிக்கு, லூயிஸ் மூடி கைக்கு, நீளமாக எறிந்தார். தப்பியிருந்தால் எல்லாம் போச்சு. தப்பவில்லை. பந்து நாலைந்து கை மாறி ஜானி வில்கின்சனிடம் வந்தது. இடதுகால்காரரான அவர் வலது காலால் உதைத்தார். ஆட்டம் முடிய 26 விநாடிகள் இருக்க, 20-17.

வில்கின்சனின் ‘ஜானி’ 2011-இல் வந்தது. கச்சிதத்தின் மேல் அவருக்கு இருந்த வெறி நோயின் எல்லையைத் தொட்டது. உதை சரியாக விழாத நாளில் வீட்டுக்குப் போக மாட்டார். அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு காயத்துக்கு மேல் காயம். மறுபடி இங்கிலாந்துக்கு ஆட 1,169 நாட்கள் ஆயின. உச்சியைத் தொட்டவனுக்கு மறுநாள் காலை என்ன மிச்சம் என்ற கேள்வி புத்தகம் முழுக்க ஓடுகிறது. கொஞ்சம் நீளம்தான், நடுவில் நூறு பக்கத்தைத் தைரியமாகத் தாண்டலாம்.

தாம்ப்சனின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ 2022-இல் வந்தது. தலைப்பில் இருக்கும் கசப்பைப் பாருங்கள். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு டிமென்ஷியா என்று கண்டுபிடித்தார்கள். சிட்னி ஆட்டம் அவருக்கு நினைவில் இல்லை. அந்த நீள எறியலை டிவியில் போட்டுக் காட்டினால், யாரோ ஒருவர் எறிவதைப் போலப் பார்க்கிறார். சில சமயம் மனைவியின் பெயர்கூட நாக்கில் வராமல் நின்றுவிடுகிறது. பயிற்சியில் ஸ்க்ரம் மெஷினில் மணிக்கணக்கில் முட்டியதை, கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் அடித்ததை, எழுந்து மறுபடி முட்டியதை அவர் விவரிக்கும் பக்கங்களைப் படித்த பிறகு, டிவியில் ஸ்க்ரம்மைப் பழைய மாதிரி ரசிக்க என்னால் முடியவில்லை. அவரும் வேறு பல முன்னாள் ஆட்டக்காரர்களும் உலக ரக்பி அமைப்பு உட்படப் பல அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு கிளம்பிய 2020-இல் உலக அமைப்பின் தலைவர் யார் தெரியுமா? தலையில் பட்ட அடியால் ஆட்டத்தை விட்ட அதே பியூமான்ட்.

ஒரே விநாடியை ஒருவர் வாழ்நாள் முழுதும் மறக்க முடியாமல் சுமக்கிறார். இன்னொருவருக்கு அது நடந்ததே தெரியாது. இந்த இரண்டு புத்தகங்களை ஒரே வாரத்தில் படித்துப் பாருங்கள். நாவலாசிரியர் யாராவது இப்படி ஒரு ஜோடியைக் கற்பனை செய்தால், ‘ரொம்பத்தான் பொருத்திவிட்டார்’ என்று நாமே குறை சொல்வோம்.

மேட் ஹாம்ப்சனின் கதையும் ஸ்க்ரம்மிலிருந்து கிளம்புவது. 2005 மார்ச்சில் 21 வயதுக்கு உட்பட்ட இங்கிலாந்து அணியின் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்தது, கழுத்து போனது, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அன்று நடுவராக இருந்தவர் அவசர மருத்துவப் பணியாளரும் என்பதால் உயிர் தங்கியது. அன்று முதல் மூச்சு விடக்கூட இயந்திரம். பால் கிம்மேஜ் எழுதிய ‘என்கேஜ்’ 2011-இல் வந்தது. கிம்மேஜ் முன்னாள் சைக்கிள் பந்தய வீரர். தன் துறையில் நடந்த ஊக்கமருந்துப் பழக்கத்தை அம்பலப்படுத்தி, சொந்த நண்பர்களிடமே கெட்ட பெயர் வாங்கியவர். அழவைக்கும் தந்திரம் எதுவும் அவர் எழுத்தில் இருக்காது. ஹாம்ப்சனும் சுலபமான ஆள் இல்லை, கோபக்காரர், கிண்டல்காரர். அதனால்தான் புத்தகம் நிற்கிறது.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒரு யோசனை. விளையாட்டு வீரரின் சுயசரிதை வாங்கும்போது அட்டையில் இருக்கும் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே சின்ன எழுத்தில், எழுத்துக்குத் துணை நின்றவர் பெயர் இருக்கும். அதைப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் சொல்ல வேண்டியவர் சொல்வார். உலகக் கோப்பை முடிந்து இரண்டே மாதத்தில் கடைக்கு வரும் புத்தகத்தில் கேட்கவும் நேரமில்லை, சொல்லவும் நேரமில்லை. அவற்றை நிம்மதியாகத் தவிர்க்கலாம்.

சொல்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிரையன் மூர் நல்ல உதாரணம். இங்கிலாந்துக்கு 64 ஆட்டங்கள் ஆடிய முரட்டு ஹூக்கர், தொழிலால் வழக்கறிஞர். 1995-இல் ஒரு சுயசரிதை வந்தது; வழக்கமான சரக்கு. பதினைந்து வருடம் கழித்து யார் துணையும் இல்லாமல் தானே எழுதினார். சிறுவயதில் ஓர் ஆசிரியர் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதை அதில்தான் சொன்னார். ‘பிவேர் ஆஃப் தி டாக்’ என்ற அந்த இரண்டாவது புத்தகம் 2010-இன் சிறந்த விளையாட்டுப் புத்தகத்துக்கான வில்லியம் ஹில் பரிசைப் பெற்றது. மைதானத்தில் யாரைக் கண்டாலும் பாய்ந்த மனிதனின் ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

வேல்ஸிலிருந்து இருவர். முன்னாள் அணித்தலைவர் காரெத் தாமஸின் ‘ப்ரவுட்’. தான் ஒருபாலீர்ப்பினர் என்பதை வருடக்கணக்காக மறைத்து ஆடிய கதை. நடுவர் நைஜல் ஓவன்ஸின் ‘ஹாஃப் டைம்’; அதே பாரம் அவரை ஒரு கட்டத்தில் உயிரை விடும் முடிவுக்கே தள்ளியது. மலையில் விழுந்து கிடந்தவரை போலீஸ் ஹெலிகாப்டர் தேடிக் கண்டுபிடித்தது. பிழைத்தவர் 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதினார். இந்தப் புத்தகம் முதலில் அவருடைய தாய்மொழியான வெல்ஷ் மொழியில் வந்து, பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

பெண்கள் எழுதியவை இன்னும் குறைவு. அதில் ரூபி டூயியின் ‘ஸ்ட்ரெய்ட் அப்’ முதல் வரிசை. நியூசிலாந்துக்காக ஒலிம்பிக் தங்கமும் 2022 உலகக் கோப்பையும் வென்றவர். குடியும் போதைப்பொருளும் அடிதடியும் நிறைந்த குழந்தைப்பருவத்தைச் சொல்லும்போதும் அவர் குரலில் இரக்கம் கேட்கும் தொனி கிடையாது. பதின்வயதில் பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதைத்தான் பரிசளிப்பேன். முதல் பாதியைப் பெரியவர்கள் முன்னதாகப் படித்துவிடுவது நல்லது.

சுயசரிதை அலுத்தால் நாவல். டேவிட் ஸ்டோரியின் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’, 1960. சுரங்கத் தொழிலாளியின் மகனான ஸ்டோரி, லண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதியில் ரயிலேறிப்போய் லீட்ஸ் சங்கத்துக்கு ரக்பி லீக் ஆடியவர். ஓவியர்கள் நடுவே முரடன், முரடர்கள் நடுவே ஓவியன். கதாநாயகனின் பற்கள் ஸ்க்ரம்மில் உடைந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பல் டாக்டரைத் தேடி அலைவதில் நாவல் தொடங்குகிறது. சங்கம் அவனை வாங்குகிறது. அவன் அன்பை வாங்கப் பார்க்கிறான். இந்தப் பக்கத்தில் இருக்கும் புத்தகங்களில் இலக்கியமாக நிற்பது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

லாயிட் ஜோன்ஸின் ‘தி புக் ஆஃப் ஃபேம்’ வேறு ரகம்: 1905-இல் கப்பலேறி வந்து பிரிட்டனைக் கலங்கடித்த நியூசிலாந்து அணியைப் பற்றிய, பாதி கவிதையான சின்ன நாவல். ஆலன் இங்லிஷின் ‘ஸ்டாண்ட் அப் அண்ட் ஃபைட்’, 1978-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண அணி அதே நியூசிலாந்தை 12-0 என்று வீழ்த்திய ஒரு பிற்பகலைப் பற்றியது. டாம் இங்லிஷின் ‘தி க்ரட்ஜ்’, 1990-இல் எடின்பரோவில் நடந்த ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்தை, பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் ஸ்காட்லாந்து மீது முதலில் ஏவிய தலைவரியின் ஆத்திரத்தோடு சேர்த்துச் சொல்வது.

அந்த ஆட்டத்தில் மற்றவற்றோடு பணயமாக இருந்தது கல்கத்தா கோப்பை. ஆமாம், நம் கல்கத்தாதான். 1873-இல் அங்கே வெள்ளையர்கள் தொடங்கிய ரக்பிச் சங்கம் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. இலவச மது நின்றதும் உறுப்பினர்களும் நின்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிக் கோப்பையாக்கி, 1878-இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகம், மூடியில் யானை. 1988-இல் ஆட்டம் முடிந்த இரவில் இரண்டு ஆட்டக்காரர்கள் போதையில் எடின்பரோ தெருவில் அதை உதைத்து விளையாடி நசுக்கியதும் உண்டு. இன்றும் ஆண்டுதோறும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் நம் ரூபாய்க்குத்தான் மோதிக்கொள்கின்றன.

இலங்கை வாசகர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை என்று தெரியும். பிராட்பி கேடயத்துக்காக ராயல் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் மோதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். உங்கள் பள்ளிக்கூட ரக்பி நினைவுகளை எழுதி அனுப்புங்கள். இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் மின்னூலாகவும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். ஒன்றே ஒன்று என்றால் ‘ரைஸ்’. இரண்டு என்றால் வில்கின்சனும் தாம்ப்சனும். மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொலிசியின் ஸ்விடே அத்தியாயங்களைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், உரிமை பெறும் வேலையை நம் பத்திரிகை ஏற்றுக்கொள்ளும். மாதிரிக்கு நான்கு பக்கம் மொழிபெயர்த்து ஆசிரியர் பெயருக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்